நூறு நாள் தண்டலும் எட்டாம் வகுப்புக் கணக்கும்

தக்கலைப் பக்கம் ஒரு டீக்கடை. கடைக்காரர் பத்தாயிரம் ரூபாய் தண்டல் வாங்கியிருக்கிறார். கைக்கு வந்தது 8,500. மீதி 1,500ஐ முதலிலேயே பிடித்துக்கொண்டார்கள். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். சாயங்காலம் பைக்கில் ஒருவர் வந்து ரூபாயை வாங்கி, அட்டையில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போவார். "வட்டி எவ்வளவு அண்ணாச்சி?" என்று கேட்டால், "பதினஞ்சு பெர்சென்ட் சார், அதிகமில்லையே" என்கிறார். பக்கத்தில் கிளாஸ் கழுவிக்கொண்டிருக்கும் மகன் பன்னிரண்டாம் வகுப்பு, கணிதம் உயிரியல் குரூப். அவனும் ஆமாம் என்கிறான்.

பதினைந்து சதவீதம் என்பது நூறு நாளைக்கு. அதுவும் முழுசாகச் சரியில்லை. முதல் நாளிலிருந்தே அசல் கரைந்துகொண்டு வருகிறது. ஐம்பதாம் நாள் பாதிப் பணம் திரும்பப் போய்விட்டது. சராசரியாகப் பார்த்தால் அவர் கையில் இருந்தது 4,250 ரூபாய்தான். அதற்கு நூறு நாளில் 1,500 வட்டி என்றால் ஆண்டுக்கு 120 சதவீதத்தைத் தாண்டிவிடும். நாள்வாரியாக நுணுக்கமாகக் கணக்கிட்டாலும் ஏறத்தாழ அதே எண்ணில்தான் வந்து நிற்கிறது. இதற்கு வகையீடும் தொகையீடும் வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்கே போதும். தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம், மீட்டர் வட்டி, நாள் வட்டி என்பவற்றோடு தண்டலையும் பெயர் சொல்லியே வரையறுக்கிறது. சட்டத்துக்குத் தெரிந்த சொல் பாடநூலுக்குத் தெரியவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடம் பெற்ற மாவட்டம் கன்னியாகுமரி. படிப்பில் குறை சொல்ல இடமில்லாத இந்த மண்ணில், உயர்நிலைப் பள்ளி மாணவருக்குப் பணத்தையும் தொழிலையும் யார் கற்றுக்கொடுக்கிறார்கள், இதுவரை எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள், அது பலிக்குமா என்பதே இங்கே கேள்வி.

பாடநூலில் பணமே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆறாம் வகுப்பில் பட்டியல், இலாபம், நட்டம். ஏழாம் வகுப்பில் சதவீதமும் தனிவட்டியும். எட்டாம் வகுப்பின் 'வாழ்வியல் கணிதம்' தள்ளுபடி, ஜி.எஸ்.டி., கூட்டுவட்டி வரை போகிறது. அதே எட்டாம் வகுப்பின் சமூக அறிவியலில் பணம், சேமிப்பு, முதலீடு. ஒன்பதில் பணமும் கடனும். பத்தில் அரசாங்கமும் வரிகளும். குறை பாடத்தின் இருப்பில் இல்லை, அடுக்கில் இருக்கிறது. வட்டிக் கணக்கு எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணிதத்தில் கணங்கள், இயற்கணிதம், முக்கோணவியல் எல்லாம் உண்டு. தவணைக் கடன் இல்லை. அந்த வயதில் கடன் என்றால் என்ன என்று விளக்குவது சமூக அறிவியல் புத்தகம், ஆனால் அதில் கணக்குப் போட இடமில்லை. பணத்தின் கதை ஒரு ஆசிரியரிடம், பணத்தின் எண் இன்னொரு ஆசிரியரிடம். இரண்டும் ஒரே பிள்ளையின் தலைக்குள் சந்தித்துக்கொள்ளும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

மேல்நிலைக்குப் போனால் கதவு இன்னும் குறுகுகிறது. வணிகவியலும் கணக்குப்பதிவியலும் எடுத்தவருக்கே இந்த அறிவு. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியலின் முதல் பாடம் 'முழுமைபெறா பதிவேடுகளிலிருந்து கணக்குகள்'. என் மதிப்பில், மேல்நிலைப் பாடத்திட்டம் முழுவதிலும் குமரி மாவட்டத்துக்கு மிக நெருக்கமான பாடம் இதுதான். பாதிக் கணக்கை நோட்டிலும் மீதியை நினைவிலும் வைத்திருக்கும் வியாபாரிக்கு ஆண்டுக் கடைசியில் லாபமா நட்டமா என்று கண்டுபிடிக்கும் வழியை அது சொல்லித்தருகிறது. இறுதி முதலோடு வீட்டுச் செலவுக்கு எடுத்ததைக் கூட்டு, நடுவில் புதிதாகப் போட்ட பணத்தையும் தொடக்க முதலையும் கழி, மிஞ்சுவது லாபம். வடசேரிச் சந்தையிலும் மார்த்தாண்டத்திலும் கடை வைத்திருப்பவர் பலருக்கும் இந்த நாலு வரி போதும். ஆனால் பாடநூலில் எல்லா எண்ணும் தயாராக அச்சாகி வருகின்றன. எந்த எண்ணை எங்கே தேடுவது என்பதுதான் உண்மையான சிரமம். அது வகுப்பறைக்குள் வருவதே இல்லை. அந்தப் புத்தகத்தின் கடைசிப் பாடம் டேலி. வேலைக்கு நேராகப் பயன்படுவது அதுதான். தேர்வு நெருங்கும் நேரத்தில் மூச்சுவாங்கிக்கொண்டு வருவதும் அதுதான்.

இதோடு ஒரு சமூக அவலமும் உண்டு. நம் ஊர்களில் முதல் குரூப்புக்கு மதிப்பெண் போதாதவன் போய்ச் சேரும் இடம் என்றுதான் காமர்ஸ் குரூப்பைப் பார்க்கிறார்கள். அதனால் டாக்டராக, என்ஜினியராக, நர்சாகப் போகிறவர்கள் சம்பளத்தைக் கையில் வாங்கும் நாள் வரைக்கும் இருப்புநிலைக் குறிப்பு என்ற சொல்லைக் காதாலும் கேட்பதில்லை.

முன்பு இப்படி இருக்கவில்லை. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் முதலில் மனப்பாடம் செய்தது எண்சுவடி. முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி முந்திரி வரை, அதாவது 320இல் ஒரு பங்கு வரை போகும் கீழ்வாய் இலக்கம். நெல் அளக்க நெல்லிலக்கம். நிலம் அளக்கக் குழிமாத்து. பாட்டம், ஒற்றி, கோட்டை நெல் என்றெல்லாம் கணக்குப் பார்க்க வேண்டிய நாஞ்சில் நாட்டுக்கு அந்தக் கல்வி பொருந்தியது. அதைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. யாருக்குத் திண்ணையில் இடம் இருந்தது, யாருக்கு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயினும் கணக்கும் வயலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

அந்தத் திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு வேறொரு பள்ளி வந்தது. 1819இல் நாகர்கோவில் வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் படிப்போடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் 1855 வரை அடிமைமுறை நீடித்தது. பின்னல் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலை கொடுத்து வாங்கிய பெண்கள் இருந்ததாக மிஷன் வரலாறு சொல்கிறது. பள்ளியில் கற்ற கைத்தொழிலுக்குக் கிடைத்த பலனில் இதைவிடப் பெரியது என்ன இருக்க முடியும் என்று தெரியவில்லை. அதே சமயம் விற்பனை மிஷன்காரர்களின் கையில்தான் இருந்தது. பின்னுவதைக் கற்றவள் விலை பேசுவதைக் கற்கவில்லை. நம் தொழிற்கல்வியின் இந்தப் பழைய ஊனம் இன்றும் தீரவில்லை.

அதைத் தீர்க்க முயன்ற ஒரு இடமும் இதே மாவட்டத்தில்தான் உண்டு. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராமப் புனரமைப்பு மையம். அதை வழிநடத்திய அமெரிக்கர் ஸ்பென்சர் ஹாட்ச் தன் அனுபவத்தை 1932இல் புத்தகமாகவும் எழுதினார். தேனீப் பெட்டி வைப்பதையும் நல்ல இனக் கோழி வளர்ப்பதையும் கற்றுக்கொடுத்ததோடு மையம் நின்றுவிடவில்லை. முட்டையைத் தரம் பிரித்து, கூட்டாகச் சேர்த்து, நல்ல விலைக்கு விற்கும் வழியையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தது. மார்த்தாண்டம் தேன் என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது என்றால், அதற்கு மலையின் பூ பாதிக் காரணம். சந்தையைப் பாடத்துக்குள் கொண்டுவந்தது மீதிக் காரணம்.

இனி இன்றைய ஏற்பாடுகள். 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தமிழ்நாட்டில் தொழிற்பிரிவுகளும் வந்தன: அலுவலக மேலாண்மை, தணிக்கை, வேளாண்மை, நெசவும் ஆடை வடிவமைப்பும், செவிலியம். நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பிரிவில் படித்தவருக்குக் கல்லூரிக் கதவு சரியாகத் திறக்காததால் பெற்றோர் மெல்ல விலகினார்கள். 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் ஐயாயிரம் ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமித்தார்கள். மாணவருக்கு வாழ்க்கைத் தொழில் கற்பிக்க வந்தவரின் சொந்த வாழ்க்கைத் தொழில் வாரத்துக்குச் சில அரைநாள்! 2022 மார்ச்சில் 'நான் முதல்வன்' வந்தது. உயர்கல்விப் படிப்புகள், கல்லூரிகள், உதவித்தொகைகள் பற்றிய தகவல் இப்போது அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் எட்டுகிறது என்பது சிறிய காரியமில்லை. ஆனால் எந்தப் படிப்பு என்று சொல்வதில் அது காட்டும் அக்கறையில் பாதியை, அந்தப் படிப்புக்கு ஆகும் செலவு எத்தனை ஆண்டில் திரும்பும் என்ற கணக்கிலும் காட்டலாம்.

சேமிப்புப் பக்கம் 1970இல் தொடங்கிய சஞ்சாயிகா இருந்தது. பள்ளிக்குள்ளேயே ஒரு சின்ன வங்கி. மாணவரே மேலாளர், மாணவரே காசாளர். நடுத்தர வயதுக்காரர் பலருக்கு அந்தச் சிறு பாஸ்புத்தகம் ஞாபகம் இருக்கும். இன்று அது ஓய்ந்துவிட்டது. அதன் இடத்தில் ரிசர்வ் வங்கியின் 'ராஜுவும் பண மரமும்' படக்கதை, தேசிய நிதிக் கல்வி மையத்தின் பயிற்சி நூல்கள், பிப்ரவரியில் ஒரு நிதிக் கல்வி வாரம், உலகச் சிக்கன நாளுக்குக் கட்டுரைப் போட்டி. பத்து வயது நிரம்பிய பிள்ளை தானே வங்கிக் கணக்கை இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014இலேயே அனுமதித்துவிட்டது. படக்கதையைவிட அந்தக் கணக்குப் புத்தகம் அதிகம் கற்றுக்கொடுக்கும் என்பது என் எண்ணம்.

இந்த நூல்கள் எல்லாவற்றிலும் ஒரு பொதுக்குணம் உண்டு. மாதம் பிறந்தால் சம்பளம் வரும் ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறார்கள். வரவில் இவ்வளவு சேமி, மீதியைச் செலவிடு என்பார்கள். குளச்சலிலோ முட்டத்திலோ இருக்கும் மீனவர் வீட்டில் மாதம் என்ற அளவுக்கு என்ன அர்த்தம்? மீன் பட்டால் பணம், படாவிட்டால் கடன். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கட்டிக் கிடக்கும். இந்தச் சிக்கலுக்குக் கடற்கரையே ஒரு விடை கண்டிருக்கிறது. மீனவர் சங்கங்கள் மீனை ஏலத்தில் தாங்களே விற்று, அன்றன்றைய விற்பனையில் ஒரு பங்கைக் கடனுக்கும் ஒரு பங்கைச் சேமிப்புக்கும் பிடித்துக்கொள்கின்றன. 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு வளர்த்தெடுத்த முறை இது. மீன் படாத நாளில் தவணை கிடையாது. வங்கியின் மாறாத மாதத் தவணையோடு இதை ஒப்பிட்டு ஒரு பாடம் எழுதினால் மேலாண்மைக் கல்லூரியிலும் அதை வைக்கலாம். தோப்பில் முகமது மீரானின் 'துறைமுகம்' நாவலும் இங்கே நினைவுக்கு வருகிறது. அக்கரையிலிருந்து எழுதி வரும் விலையை நம்பிக் கருவாடு அனுப்பி நொடிந்துபோகும் வியாபாரிகளின் கதை. சந்தைத் தகவல் ஒருவன் கையில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று பொருளியல் ஆசிரியர் ஒரு மணி நேரம் பேசுவதை அந்த நாவல் ஒரே அத்தியாயத்தில் காட்டிவிடும்.

அடுத்தது சீட்டு. இருபது பேர், ஆளுக்கு மாதம் ஐயாயிரம், இருபது மாதம்: லட்ச ரூபாய்ச் சீட்டு. அவசரக்காரர் ஒருவர் முப்பதாயிரம் தள்ளி எடுத்தால் அவருக்குக் கிடைப்பது எழுபதாயிரம். தள்ளிய தொகையில் நடத்துபவருக்கு ஐயாயிரம் போக, மீதி இருபத்தைந்தாயிரத்தை இருபது பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 1,250 கழிவு. அந்த மாதம் கட்ட வேண்டியது 3,750தான். சேமிப்பும் கடனும் ஏலமும் ஒரே பண்டத்துக்குள் இருக்கின்றன. குமரியில் சீட்டு தெரியாத அம்மா இல்லை. ஆனால் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி அதைப் பதிவு செய்ய வேண்டும், முன்அனுமதி வேண்டும், நடத்துபவரின் தரகுக்கு வரம்பு உண்டு (அது 5 சதவீதமாக இருந்தது, 2019 திருத்தத்தில் 7 ஆனது) என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 2017இல் பளுகல் பக்கம் ஒரு நிதி நிறுவனம் ஒரே நாளில் கதவை மூடியபோது கேரள எல்லையின் இரு பக்கத்திலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன.

இது முதல் முறையும் இல்லை. நாம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1938 ஜூனில், திருவிதாங்கூர் நேஷனல் குயிலான் வங்கி பணம் கொடுப்பதை நிறுத்தியது. 1960இல் கேரளத்தில் பாலா சென்ட்ரல் வங்கி விழுந்தது. அந்த அதிர்ச்சியில்தான் மறு ஆண்டே வைப்புத்தொகைக் காப்புறுதிச் சட்டம் வந்தது. 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை இந்தக் காப்பு உண்டு. தனியார் நிதி நிறுவனத்தில் போட்ட பணத்துக்குக் கிடையாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியாத விஷயமா இது? வரலாற்றுப் பாடத்தில் ஒரு பக்கம் ஒதுக்கினாலே போதும்.

சொத்தும் அப்படித்தான். தாமே ஆசிரியராக இருந்த கவிமணி 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' எழுதியது வெறும் நகைச்சுவைக்காக இல்லை. உழைத்த தகப்பனின் சொத்து பெற்ற பிள்ளையை விட்டு மருமகனுக்குப் போகும் முறையைக் கேலியால் அடித்தார். 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் அந்த வழிக்கு முற்றுப்புள்ளி வைத்தது. கிறித்தவக் குடும்பங்களுக்கு இன்னொரு சட்டம் இருந்தது. 1916ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் கிறித்தவ வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், எது குறைவோ அது. 1986இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்திய வாரிசுச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்பளித்து மகளுக்குச் சம பங்கு தந்தது. கிறித்தவர் கிட்டத்தட்ட பாதிப் பேர் இருக்கும் மாவட்டம் இது. சீதனம் கொடுத்தாயிற்று, இனி என்ன பங்கு என்று பேசும் வீடுகளில் வளரும் பெண்பிள்ளைக்கு இதைவிட முக்கியமான நிதிப் பாடம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

சரி, கற்பித்தால் பலன் உண்டா? உலகம் இதில் ஒரே குரலில் பேசவில்லை. 2014இல் பெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்மேயர் மூவரும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, மக்களின் நிதி நடத்தையில் காணும் வேறுபாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் நிதிக் கல்வி விளக்குகிறது என்றார்கள். கற்றது கொஞ்ச காலத்தில் கரைந்தும் போகிறது, ஆகவே முடிவெடுக்கும் தறுவாயில் கற்பிப்பதே நல்லது என்பது அவர்கள் வாதம். 2022இல் கைசர், லுசார்டி குழுவினர் சோதனை முறையில் நடந்த ஆய்வுகளை மட்டும் தொகுத்து, இல்லை, பலன் உண்டு என்று காட்டினார்கள். எனக்கு அதிகம் பிடித்தது பிரேசில் ஆய்வு. ஏறத்தாழ 900 உயர்நிலைப் பள்ளிகளை எடுத்து, அவற்றில் பாதியில் பாடங்களுக்குள்ளேயே கலந்து நிதிக் கல்வி தந்தார்கள். பெற்றோருக்கும் வீட்டுப் பாடம் போனது. பிள்ளைகள் அதிகம் சேமித்தார்கள், செலவைத் திட்டமிட்டார்கள். கூடவே தவணையில் பொருள் வாங்குவதும் அதிகரித்தது! கடன் எப்படி வாங்குவது என்று தெரிந்ததும் வாங்கிப் பார்த்துவிட்டார்கள் போலும். பல ஆண்டு கழித்துத் திரும்பப் பார்த்தபோது, அதே பிள்ளைகள் வட்டி அதிகமான கடனைக் குறைத்திருந்தார்கள். சிறுதொழில் தொடங்கியவர்களும் அவர்களில் கூடுதல். அமெரிக்காவில் 2024 நிலவரப்படி 35 மாநிலங்கள் பள்ளியில் நிதிக் கல்வியைக் கட்டாயமாக்கிவிட்டன. இந்தியாவில் தேசிய நிதிக் கல்வி மையத்தின் 2019 கணக்கெடுப்பு, பெரியவர்களில் 27 சதவீதத்தினருக்கே போதிய நிதியறிவு இருப்பதாகச் சொன்னது.

எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும். டீக்கடைக்காரருக்கு வட்டி தெரியாததால் தண்டல் வாங்கினாரா, அல்லது வங்கி அவரைத் திரும்பிப் பார்க்காததால் வாங்கினாரா? 120 சதவீதம் என்று தெரிந்திருந்தாலும் மறுநாள் பாலுக்கு முன்பணம் வேண்டும் என்றால் அவர் வாங்கியிருப்பார். வருமானக் குறையை அறிவுக் குறையாகப் பேசுவது அதிகாரிகளுக்கு வசதி. இது நியாயமான வாதம்தான். ஆனால் தெரிந்துகொண்டு வாங்குபவர் அடுத்த முறை கூட்டுறவுச் சங்கத்தையோ மகளிர் குழுவையோ ஒரு தடவை தட்டிப் பார்ப்பார்.

இன்னொரு எச்சரிக்கை. வகுப்பில் "உங்கள் வீட்டுக் கடன் எவ்வளவு, எழுதிக்கொண்டு வா" என்று சொன்னால் அது கல்வியாகாது, அவமானமாகும். நகை அடகில் இருப்பது நாலு பேருக்கு முன்னால் தெரிவதைவிடப் பட்டினி மேல் என்று நினைக்கும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். ஆகவே காகிதம் உண்மையானதாக இருக்கட்டும், பெயர் வேறாக இருக்கட்டும். நகைக்கடன் ரசீது, தண்டல் அட்டை, சீட்டுப் புத்தகம், மளிகைக் கடைப் பற்று நோட்டு, தோவாளைப் பூ வியாபாரியின் சிட்டை, ரப்பர் பால் கொடுத்த கணக்கு, சம்பளச் சீட்டு: இப்படி ஒரு பத்துக் காகிதத்தைப் பெயர் அழித்து நகலெடுத்தால் ஒன்பதாம் வகுப்புக் கணிதத்துக்கு ஆறு வாரப் பாடம் தயார். புதிய பாடம் வேண்டாம், புதிய ஆசிரியரும் வேண்டாம். சொல்லிக்கொடுக்க வருபவர் வங்கியின் ஆளாகவோ காப்பீட்டு முகவராகவோ இருந்தால் மட்டும் வாசலிலேயே நிறுத்த வேண்டும். அவர்களுடைய பாடம் எப்போதும் ஒரு விண்ணப்பப் படிவத்தில்தான் முடியும்.

முடிவெடுக்கும் தறுவாயில் கற்பிக்க வேண்டும் என்றால், குமரிப் பிள்ளைக்கு அந்தத் தறுவாய் மே மாதம் வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்ததும் கல்விக்கடன். நான்கு ஆண்டு நர்சிங்குக்கோ பொறியியலுக்கோ ஆண்டுக்கு லட்சம் வீதம் நான்கு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அந்த அளவு வரை பிணை கேட்பதில்லை. வட்டி 10 சதவீதம். படிக்கும் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். வட்டி ஓடாது என்று யாரும் சொல்லவில்லை. முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு, அடுத்ததுக்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு: தனிவட்டியாகவே 1,40,000 ரூபாய் ஏறியிருக்கும். முதல் தவணை கட்டும் நாளில் கடன் 5,40,000. பத்து ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 7,100. மொத்தம் எட்டரை லட்சத்துக்கு மேல். படிக்கும்போதே வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டிவந்தால் பின்னால் மாதம் 5,300 போதும். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பித் தருவது இன்டர்நெட் கடைக்காரர். இணைக் கடனாளி என்ற இடத்தில் அப்பா. வங்கி மேசையில் அச்சிட்ட தாள்கள் கட்டாக வருகின்றன. பதினேழு முடிந்து பதினெட்டு தொட்ட அந்தப் பிள்ளை, எழுத்தர் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவைத்த இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போகிறது.